மறதிக்குக் காரணம் ஒன்றுதானா?

நம் சங்கப் பத்திரிகையில் இந்த விஷயத்தை எழுதலாமா என்று இரண்டொரு அன்பர்கள் தயங்கினார்கள். குடும்பத்தோடு படிக்கும் பத்திரிகை, பிள்ளைகள் கையிலும் கிடக்கும் என்றார்கள். குடும்பத்தோடு படிக்கும் பத்திரிகை என்பதால்தான் இதில் எழுத வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. நம்மவர்கள் வீடுகளில் இது இல்லை என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள், கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

எச்.ஐ.வி. கிருமி உள்ள ஒருவர் பல வருடங்களாக மருந்து சாப்பிட்டு நன்றாகத்தான் இருக்கிறார். ஒரு கட்டத்தில் அவருக்கு மறதி வருகிறது. பேச்சு மெதுவாகிறது. சில்லறைக் கணக்கு தப்புகிறது. ஆரம்பித்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வேறெங்கோ பார்க்கிறார். உடனே வீட்டில் இரண்டு கட்சி உண்டாகிவிடுகிறது. "எல்லாம் குடி செய்கிற வேலை" என்பது ஒரு கட்சி. "அந்த நோய் மூளைக்கு ஏறிவிட்டது, இனி கடவுள் விட்ட வழி" என்பது மறு கட்சி. இரண்டு கட்சியும் டாக்டரிடம் போவதில்லை என்பதில் மட்டும் ஒற்றுமை! ஒரே காரணத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவதுதான் இதில் பெரிய ஆபத்து என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

நான் டாக்டர் அல்ல. எலக்ட்ரிகல் டிப்ளமா படித்துவிட்டு, 39 ஆண்டுகள் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கோளாறு எங்கே என்று தேடுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. அந்த வேலையிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன்.

டிராக் சர்க்யூட் என்று ஒன்று உண்டு. தண்டவாளத்தின் ஒரு முனையில் பேட்டரி மின்சாரம் கொடுக்கும். மறுமுனையில் ஒரு ரிலே அதை வாங்கித் தூக்கி நிற்கும். வண்டி வந்தால் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிடும், ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். வண்டியே இல்லாமல் ரிலே விழுந்தால் அது கோளாறு. மழைக்காலத்தில் இது எங்கும் வருவதுதான். ஜல்லிக்கிடையே சேறும் தண்ணீரும் தேங்கி மின்சாரம் கசியும். பேட்டரி கொஞ்சம் தளர்ந்திருக்கும். இணைப்புக் கம்பி ஒன்று துருவேறியிருக்கும். இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் ரிலே தாக்குப்பிடிக்கும். மூன்றும் சேர்ந்தால் விழுந்துவிடும். மழைதான் காரணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தால், மழை விடும்வரை வண்டியும் நிற்க வேண்டியதுதான். பேட்டரியை மாற்றி, கம்பியைச் சுத்தம் செய்தால் அதே மழையில் ரிலே தூக்கி நிற்கும். மூளை விஷயமும் ஏறக்குறைய இப்படித்தான் என்று இது பற்றிப் படித்தபோது தெரிந்துகொண்டேன்.

எச்.ஐ.வி. கிருமி உடலுக்குள் புகுந்த சில வாரங்களிலேயே மூளைக்கும் போய்விடுகிறது. ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களுக்குள் ஒளிந்துகொண்டு போகிறது. நினைவுக்கும் சிந்தனைக்கும் உரிய நரம்பு அணுக்களை அது நேரடியாகத் தாக்குவதில்லை. அவற்றுக்குக் காவலாக இருக்கும் வேறு அணுக்களில் குடியேறி, ஓயாத அழற்சியை உண்டாக்குகிறது. காவல்காரர்கள் வீட்டுக்குள்ளேயே கலாட்டா செய்தால் குடியிருப்பவர் கதி என்ன? நரம்பு அணுக்கள் மெல்ல மெல்ல நலிகின்றன. முதலில் போவது வேகம். பிறகு கவனம், திட்டமிடும் திறன், தேவையானபோது ஞாபகத்திலிருந்து எடுக்கும் திறன்.

இதுதான் மழை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1996-க்குப் பிறகு வந்த கூட்டு மருந்துகள் இந்த மழையைப் பெருமளவு அடக்கிவிட்டன. ஆளையே அடையாளம் தெரியாமல் ஆக்கும் கடுமையான அறிவிழப்பு, மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களிடம் இன்று அபூர்வம். ஆனால் லேசான குறைகள் இன்னும் பலரிடம் இருக்கின்றன. அங்கேதான் பேட்டரியும் துருவும் கணக்கில் வருகின்றன.

அமெரிக்காவில் ஆறு பல்கலைக்கழக மையங்கள் சேர்ந்து 1,555 எச்.ஐ.வி. உள்ளவர்களைச் சோதித்து, 2010-ல் முடிவுகளை வெளியிட்டன. மூளையைப் பாதிக்கக்கூடிய வேறு தொல்லைகள் அதிகம் இல்லாதவர்களில் 40 சதவீதம் பேருக்குச் சோதனையில் குறை தெரிந்தது. ஓரளவு வேறு தொல்லைகள் இருந்தவர்களில் 59 சதவீதம். கடுமையாக இருந்தவர்களில் 83 சதவீதம்! கிருமி எல்லோருக்கும் ஒன்றுதான். கூட வந்து சேர்ந்தவைதான் இந்த வித்தியாசத்துக்குப் பெரிய காரணம்.

கூட வந்து சேர்பவை எவை? நம் நாட்டில் முதலிடம் காசநோய்க்கு. நெஞ்சில் மட்டும் வரும் நோய் என்று அதை நினைக்கிறோம். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அது மூளையைச் சுற்றியுள்ள உறையிலும் வரும், மூளைக்குள் கட்டியாகவும் வரும். அடுத்தது கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சை. வாரக்கணக்கில் தலைவலி, பிறகு குழப்பம், பார்வை மங்கல். டாக்ஸோபிளாஸ்மா என்று இன்னொரு கிருமி; பலர் உடலில் சும்மா தூங்கிக் கிடப்பது, எதிர்ப்புச் சக்தி விழுந்ததும் மூளையில் விழித்துக்கொள்ளும். சிபிலிஸ் என்னும் மேகநோய், எச்.ஐ.வி. வந்த அதே வழியில் வரக்கூடியது. கவனிக்காமல் விட்டால் நரம்பு மண்டலத்தைத் தாக்கி, புத்தியையே மாற்றிவிடும். சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், பென்சிலின் ஊசிக்குக் கட்டுப்படும்.

ஹெபடைடிஸ் சி என்னும் கல்லீரல் கிருமியையும் சொல்ல வேண்டும். ஊசியில் போதை மருந்து ஏற்றிக்கொள்பவர்கள் ஒரே ஊசியைப் பகிர்ந்துகொள்வதால் எச்.ஐ.வி.யும் இதுவும் ஜோடியாக வருகின்றன. மணிப்பூர் போன்ற வடகிழக்கு மாநிலங்கள் இந்த ஜோடியால் பட்ட துன்பம் நாடறிந்தது. கல்லீரல் கெட்டால் ரத்தத்தில் உள்ள நச்சுகள் மூளைக்குப் போகும். இந்தக் கிருமி தானாகவும் களைப்பையும் மந்தத்தையும் உண்டாக்கும். ஆனால் இன்று இது பெரும்பாலோருக்கு மூன்று மாத மாத்திரையில் முற்றிலும் குணமாகிற நோய். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கொடுக்கிறார்கள்.

இனி போதைக்கு வருவோம். சாராயம் மூளையின் முன்பகுதியைச் சுருக்குகிறது. தொடர்ந்து குடிப்பவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. பி1 வைட்டமின் குறைந்து திடீரென்று குழப்பமும் தள்ளாட்டமும் வரும். அதைப் போதையென்று எண்ணிப் படுக்க வைத்துவிடுகிறோம். உடனே ஊசி மூலம் வைட்டமின் கொடுத்தால் மீளலாம், தாமதித்தால் ஞாபகம் நிரந்தரமாகப் போய்விடும். ஹெராயின் அளவு மீறினால் மூச்சு தடைப்பட்டு மூளைக்குப் பிராணவாயு குறைகிறது. மெத் எனப்படும் படிகத் தூள், எச்.ஐ.வி. அதிகமாகச் சேதப்படுத்தும் அதே ஆழ்மூளைப் பகுதியையே தாக்குகிறது. இரண்டு எதிரிகள் ஒரே வீட்டின் கதவைத் தட்டுவது போல.

இவை தவிர, தூக்கமின்மை, மனச்சோர்வு, தைராய்டு, பி12 குறைவு, பழைய தலைக்காயம் என்று சாதாரண காரணங்களும் உண்டு. அவை எச்.ஐ.வி. உள்ளவருக்கு மட்டும் வராமலா போகும்?

நிற்க. ஏட்டில் படித்ததை மட்டும் எழுதினால் போதாது. நான் கண்ணால் கண்ட ஒன்றையும் சொல்கிறேன். பெயர், ஊர் எதுவும் வேண்டாம். நம் புறநகர்ப் பகுதியில் நெல்லைச் சீமையைச் சேர்ந்த ஒரு வெல்டர். நாற்பதைத் தாண்டியவர். எட்டு ஆண்டுகளாக ஏ.ஆர்.டி. மருந்து. மனைவிக்குக் கிருமி இல்லை. இரண்டு பிள்ளைகள் பள்ளியில். நல்ல வேலைக்காரர். அப்படிப்பட்டவர் அளவு தப்பாக வெட்டிப் பட்டறையில் திட்டு வாங்க ஆரம்பித்தார். தினம் இறங்குகிற ஸ்டேஷனில் எந்தப் பக்கம் வெளியே போவது என்று தெரியாமல் நின்றார். ஒரு மாதமாகத் தலைவலி வேறு. பட்டறையில் "ராத்திரி சரக்கு இறங்கவில்லை" என்று சிரித்தார்கள். ஊரிலிருந்து வந்த மூத்த அண்ணனோ, தம்பியை ஊருக்குக் கூட்டிப்போய் ஒரு அறையில் வைத்துவிடலாம் என்று முடிவே செய்துவிட்டார்.

அந்தப் பெண் என் வீட்டுக்கு வந்து கேட்டார். "அண்ணாச்சி, இது குடியா, அந்தச் சீக்கா? ஏதாவது ஒண்ணுன்னு சொல்லிட்டா மனசைத் தேத்திக்கிடுவேன்."

"ஒன்றாக இருக்கும் என்று யாரம்மா சொன்னது? முதலில் டாக்டர் பார்க்கட்டும்" என்றேன்.

அவரே கேட்டுக்கொண்டதால் நானும் உடன் போனேன். கணவரும் "அண்ணாச்சி வரட்டும்" என்றார். அங்கே இருந்த மராத்தி டாக்டரம்மா இளம் வயதுக்காரர், பொறுமைசாலி. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கென்றே ஐந்து நிமிடத்தில் முடியும் ஒரு சோதனை 2005 முதல் புழக்கத்தில் இருக்கிறது. நான்கு சொற்களைச் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். பிறகு கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்ட வேண்டும், ஐந்து வினாடி. அதன்பின் மேஜைமீது முஷ்டி, உள்ளங்கை, கையின் விளிம்பு என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டும், பத்து வினாடி. கடைசியில் அந்த நான்கு சொற்களைக் கேட்பார்கள். மொத்தம் 12 மதிப்பெண்; 10 அல்லது அதற்குக் கீழே வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும்.

டாக்டரம்மா சொற்களை இந்தியில் சொன்னார். நம்மவர் ஒன்றைத்தான் திருப்பிச் சொன்னார். அவர் இருபது வருடமாக இங்கே இந்தி பேசுகிறவர்தான். ஆனால் அது கூலி பேசுகிற இந்தி, காய்கறி வாங்குகிற இந்தி. டாக்டரின் அனுமதியோடு நான் வேறு நான்கு சொற்களைத் தமிழில் சொன்னேன். இரண்டைத் தானாகச் சொன்னார், மூன்றாவதைக் குறிப்புக் கொடுத்ததும் பிடித்துக்கொண்டார். விரல் தட்டுவது மட்டும் எந்த மொழியிலும் மெதுவாகத்தான் இருந்தது! ஆக, குறை உண்மையிலேயே இருந்தது, ஆனால் இந்திச் சோதனை காட்டிய அளவுக்கு இல்லை. டாக்டரம்மா இரண்டையும் குறித்துக்கொண்டார்.

அதன்பின் ஸ்கேன், ரத்தப் பரிசோதனைகள், முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனை. மூளை உறையில் காசநோய். சி.டி.4 எண்ணிக்கை 100-க்குக் கீழே விழுந்திருந்தது. எட்டு வருடம் மருந்து சாப்பிட்டவருக்கு ஏன் விழுந்தது? மெதுவாக விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. குடித்த நாளில் அவர் மாத்திரையைத் தொடுவதில்லை. சரக்கும் மாத்திரையும் வயிற்றில் சேர்ந்தால் விஷமாகிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வாரத்தில் நான்கு நாள் குடி என்றால் நான்கு நாள் மாத்திரை இல்லை!

இப்போது சொல்லுங்கள், குடியா, நோயா? குடியால் மாத்திரை நின்றது. மாத்திரை நின்றதால் எச்.ஐ.வி. தலைதூக்கியது. அது தலைதூக்கியதால் காசநோய் மூளைக்குப் போனது. காசநோய் கொடுத்த தலைவலிக்கு அவர் தேடிய மருந்து மறுபடியும் குடி. இந்தச் சக்கரத்தில் எந்த இடத்தைக் காரணம் என்று காட்டுவது? ஆனால் எந்த இடத்தில் பிடித்தாலும் சக்கரத்தை நிறுத்தலாம் என்பதுதான் நமக்கு நல்ல செய்தி.

காசநோய்க்கு ஒரு வருட மருந்து. அதை முதலில் தொடங்கி, சில வாரம் கழித்து எச்.ஐ.வி. மருந்தை ஒழுங்குபடுத்தினார்கள். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், இன்று பரவலாகக் கொடுக்கப்படும் டொலுடெக்ராவிர் மருந்தை ரத்தத்தில் குறைத்துவிடுமாம். அதனால் ஒரு வேளை மாத்திரையை இரண்டு வேளை ஆக்கினார்கள். குடியை விடுவதற்கு ஆலோசனையும் மருந்தும். இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை விட்டார். பழையபடி முழுவதும் ஆகிவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். உயரத்தில் ஏறி வெல்டிங் செய்ய இன்று அவரால் முடியாது. ஆனால் நம்மவர் ஒருவரின் மாவுக் கடையில் வேலை பார்க்கிறார், சில்லறைக் கணக்கு தப்புவதில்லை. ஊர் அறையில் அடைத்திருந்தால் இன்று உயிரோடு இருந்திருப்பாரா?

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குடித்துவிட்டோம் என்பதற்காக எச்.ஐ.வி. மாத்திரையை விடக்கூடாது. குடிக்காமல் இருப்பது உத்தமம். குடித்துத் தொலைத்தாலும் மாத்திரையைப் போட்டுக்கொள்வது, போடாமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல். காசநோய் மாத்திரை விஷயம் வேறு. அது கல்லீரலைச் சோதிக்கும். ஆகவே குடிப்பழக்கத்தை டாக்டரிடம் மறைக்கவே கூடாது. அவர் திட்டுவார் என்று பயந்து மறைப்பவர்கள்தான் அதிகம். நாலு திட்டு வாங்கிக்கொண்டால் என்ன, உயிர் பெரிதல்லவா?

எதிர்க் கருத்து ஒன்றும் உண்டு. "தானாகத் தேடிக்கொண்டவனுக்கு நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?" என்று சங்கத்திலேயே ஒரு பெரியவர் கேட்டார். அவர்மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கோளாறான சிக்னலைப் பார்த்து யாரும் "உன் புத்தி, நீயே அனுபவி" என்று சொல்வதில்லை. சரி செய்கிறோம், ஏனென்றால் பின்னால் வண்டி நிறைய ஜனங்கள் இருக்கிறார்கள். அந்த வெல்டருக்குப் பின்னால் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். மேலும், மூளை நலிந்தவருக்குக் குடியை விடும் மன உறுதியும் நலிந்துதான் இருக்கும். கட்டுப்படுத்தும் பகுதியே கெட்டிருக்கும்போது "கட்டுப்பாடு இல்லை" என்று திட்டி என்ன பயன்?

1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும்தான் இந்தியாவில் இந்தக் கிருமியை முதலில் கண்டுபிடித்தார்கள். அப்போது வேலைக்குப் புதியவனான எனக்கு, இது வந்தால் மரணம் என்பது மட்டும்தான் தெரியும். 2004 முதல் அரசு மருந்தை இலவசமாகக் கொடுக்கிறது. நாட்டில் சுமார் 25 லட்சம் பேர் இந்தக் கிருமியோடு வாழ்வதாக 2023-க்கான அரசு மதிப்பீடு சொல்கிறது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் முதுமை வரை வாழலாம் என்றாகிவிட்டது. ஆகவே இன்றைய கேள்வி உயிர் பிழைப்பதோடு முடியவில்லை. பிழைத்தவர் தெளிந்த புத்தியோடு, தன் சம்பாத்தியத்தில் தலை நிமிர்ந்து வாழ்கிறாரா என்பதே இன்றைய கேள்வி.

பிழைப்புக்காக வெளிமாநிலம் வந்த நமக்கு இதில் தனிக் கஷ்டங்கள் உண்டு. ஆண்கள் பலர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு ஒரே அறையில் எட்டுப் பேராக இருக்கிறார்கள். மாத்திரை டப்பாவை யாரும் பார்த்துவிடுவார்களோ என்ற பயம். மறதி வந்தால் எடுத்துச் சொல்ல ஆளில்லை. டாக்டரிடம் வேற்று மொழியில் தன் மனக்குழப்பத்தை விளக்க வேண்டும். தாய்மொழியிலேயே அதைச் சொல்வது கடினமல்லவா? சோதனையில் மதிப்பெண் குறைந்தால் மட்டும் மூளை நோய் என்று முத்திரை குத்தக்கூடாது, படிப்பையும் மொழியையும் சூழ்நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று 2023-ல் பல நாட்டு நிபுணர்கள் கூடி எழுதிய அறிக்கையே சொல்கிறது.

எனவே சங்கத்துக்கு மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன்.

ஒன்று, தமிழும் இந்தியும் மராத்தியும் தெரிந்த, வாயைக் கட்டத் தெரிந்த ஐந்தாறு பேர் கொண்ட ஒரு துணைக்குழு. நோயாளி விரும்பிக் கேட்டால் மட்டும் உடன் போக வேண்டும். ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்வது 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி தவறு. வேலையிலிருந்து அதைக் காரணம் காட்டி நீக்குவதும் அப்படியே. சட்டம் இருக்கட்டும், நம் நாக்குக்கும் ஒரு சட்டம் வேண்டும்.

இரண்டு, சங்கத்தின் வருடாந்திர மருத்துவ முகாமில் கண், சர்க்கரை, ரத்த அழுத்தம் மட்டும் பார்க்கிறோம். அதோடு காசநோய், கல்லீரல் கிருமி, குடி மறக்கும் ஆலோசனை ஆகியவற்றுக்கும் ஆட்களை அழைக்கலாம். எச்.ஐ.வி. பற்றித் தனியாக விசாரிக்க 1097, போதைப் பழக்கத்துக்கு 14446 என்ற அரசின் இலவசத் தொலைபேசி எண்களை நம் பத்திரிகையின் பின்அட்டையில் ஒவ்வொரு இதழிலும் போடலாம். காலண்டர் விளம்பரத்துக்கு இடம் இருக்கும்போது இதற்கு இருக்காதா?

மூன்று, கடையும் பட்டறையும் வைத்திருக்கும் நம் உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். நன்றாக வேலை செய்தவர் திடீரென்று தடுமாறினால், கணக்கு முடித்து அனுப்புவதற்கு முன் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பாருங்கள். ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கும் தலைவலி, புதிதாக வந்த மறதி, நடையில் தள்ளாட்டம் இவற்றில் எது வந்தாலும் போதை என்று சிரிக்காதீர்கள்.

அடுத்த செயற்குழுவில் இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதிக் கொடுக்கப் போகிறேன். முதல் துணைக்குழுவுக்கு என் பெயரை இப்போதே சேர்த்துக்கொள்ளலாம். ஓய்வு பெற்றவனுக்கு நேரம் நிறைய இருக்கிறது. உடன் வர விரும்பும் அன்பர்கள் சங்கச் செயலாளரிடம் தெரிவிக்க வேண்டுகிறேன்.